70 கொரோலாவா, 121 கொரோலாவா?

வணக்கம் உறவுகளே, மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவை மாதாமாதம் வவுனியாவுக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் அவவுக்கு இடுப்பு தாங்குவதில்லை. என் காசுக்கு இரண்டு டொயோட்டா கொரோலா கார் வந்திருக்கின்றன.

ஒன்று 1982ஆம் ஆண்டு கேஈ 70 மொடல். 4கே எஞ்சின், 1290 சிசி, காபரேட்டர், ஓட்டம் பின் சில்லுக்கு. பொனட்டைத் திறந்தால் எல்லாச் சாமானும் கைக்கு எட்டும்; எங்கள் ஊர் கராஜிலேயே திருத்திவிடலாம். ஆனால் சாரதிப் பக்கம் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கறள் தின்ற ஓட்டை, அதற்குள்ளால் கீழே சிவப்புக் கிறவல் தெரிகிறது. மனம் விழுந்துவிட்டது. ஏசியும் இல்லை. வைகாசி வெயிலில் ஏ9 வீதியில் அம்மா என்ன பாடுபடுவா?

மற்றது 2001ஆம் ஆண்டு 121 மொடல். 1.5 லீற்றர், இஎப்ஐ (காபரேட்டருக்குப் பதிலாகக் கம்பியூட்டர் அளந்து பெற்றோல் விசிறும் முறை), ஓட்டோ கியர். பொடி சுத்தம், ஏசி நல்ல குளிர். விலைதான் கூட. சென்சர் பழுதானால் ஸ்கான் பண்ணக் கிளிநொச்சிக்கு ஓட வேண்டும்.

எனக்கு 121 பக்கம்தான் மனம் சாய்கிறது. அப்புறம், வைத்திருக்கிற அண்ணமார் சொல்லுங்கோ: மழைக்குப் பள்ளமான கிறவல் ஒழுங்கையில் அடி இடிக்குமா? ஓட்டோ கியரில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 70இன் தளத்துக்குத் தகடு வெட்டி ஒட்டினால் எத்தனை மாரி தாங்கும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.