மலைப்பிரசங்கம் படிக்கிறோம், பேச ஆள் வேண்டும் (பெங்களூரு)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் வாலிபப் பிள்ளைகள் கூடி பைபிளில் மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் படிக்கிறார்கள். அதில் வரும் பாறைமேல் வீடு கட்டியவன், மணல்மேல் கட்டியவன் கதை சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம். ஆனால் இரண்டு பேருமே வசனத்தைக் கேட்டவர்கள்தான், அதன்படி செய்தவன் வீடுதான் நின்றது என்றதும் ஒரு தம்பி, "அப்போ ஆபீசில் பொய் பில் போடச் சொன்னால் என்ன செய்றது அக்கா?" என்று கேட்டுவிட்டான். இதற்கு வசனம் மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. வேலையிடத்தில் இப்படிச் சந்தித்தவர்கள் யாராவது ஒருநாள் வந்து பேச முடியுமா? போதகராக இருக்க வேண்டும் என்றில்லை.

அப்புறம், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நல்ல தமிழ் ஆடியோ பைபிள் எது என்றும் சொல்லுங்கள்.