புதுப்பிப்பு: பைத்தான் நிரல் பாதியில் நின்றதன் காரணம்

பதிவுக் கோப்புகளைப் படிக்கும் என் நிரல், அளவுக்கு மீறிய கோப்புகள் திறந்திருப்பதாகப் பிழை காட்டி நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன்; காரணம் பிடிபட்டுவிட்டது. ஒரு கோப்பைத் திறக்கும்போது பைத்தான் தரும் ஃபைல் ஆப்ஜெக்ட் வெறும் உறைதான். அதனுள் இருப்பது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஒவ்வொரு செயல்முறைக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) தனியாகப் பேணும் அட்டவணையில் ஓர் இடத்தைச் சுட்டும் டிஸ்கிரிப்டர் என்னும் சிறு எண். லினக்ஸில் இதற்கு வழக்கமான வரம்பு 1024. அதில் 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழை ஆகியவற்றுக்கு முன்பே போய்விடுவதால், என் நிரல் 1021 கோப்புகளைத் திறந்துவிட்டு அடுத்ததில் விழுந்தது. திறந்த ஆப்ஜெக்டுகளை எல்லாம் மூடாமல் ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்திருந்தது என் தவறு. (வரம்பை உயர்த்தவும் நினைத்தேன், அது நோயை மூடி மறைக்கும் வேலை.) இப்போது ஒவ்வொன்றையும், வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் ‘வித்’ (with) தொகுதிக்குள் திறப்பதால், காலியாகும் 3 என்ற அதே எண்ணே அடுத்த கோப்புக்கும் கிடைக்கிறது.