பி10 டீசலும் என் பிக்கப்பின் டிபிஎஃப் விளக்கும்

கிள்ளான் பிக்கப்:
மலேசியாவில் பம்பில் கிடைப்பதே செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் கலந்த டீசல்தான், 2019இலிருந்து பி10, அதாவது நூற்றுக்குப் பத்து. லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் பி7. மூன்று வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் வேலை மாறிப்போய், வண்டி பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ஓட ஆரம்பித்ததும் டிபிஎஃப், அதாவது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அதன் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிந்தது. நான் டீசலைத் திட்டிக்கொண்டே ஒர்க்ஷாப் போனேன்.

அங்கே மெக்கானிக் அந்த ஃபில்டரைத் தொடவே இல்லை. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு! மோந்து பார்க்கச் சொன்னார், டீசல் வாடை.

ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அதற்காக இன்ஜின் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அதில் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்குகிற சாதா டீசல் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும். பயோடீசல் கொதிக்கவே 300 டிகிரிக்கு மேல் வேண்டும், அது அங்கேயே தங்கிவிடும். கரி எரிந்து முடிவதற்குள் நான் பாதியில் சாவியைத் திருப்பி அணைக்க, அந்த எரிப்பு மறுநாள் முதலிலிருந்து தொடங்க, ஆயில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

தைப்பிங் லோரி:
அண்ணே, கரி விஷயத்தில் பயோடீசல் நல்லபிள்ளை. அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கரி குறைவு, எரிவதும் சீக்கிரம். நெடுஞ்சாலையில் ஓடும் என் லோரியில் டிபிஎஃப் பிரச்சினையே வந்ததில்லை. பழைய லோரியில்தான் பி10 போட்ட புதிதில் டாங்கியின் அடிக்கசடெல்லாம் கரைந்து வந்து, இன்ஜினுக்குப் போகும் டீசலை வடிகட்டும் ஃபில்டர் அடைத்தது, கழற்றினால் கறுப்புக் கஞ்சி.

ஈப்போ:
பொரித்த எண்ணெயில் வீட்டிலேயே காய்ச்சிய பயோடீசலை நண்பர் ஒருவர் ஊற்றினார். சரியாகக் கழுவாததால், காய்ச்சச் சேர்த்த காரத்தின் சோடியம் தங்கி, டிபிஎஃப்பில் சாம்பலாகப் படிந்துவிட்டது. கரி எரியும், சாம்பல் எரியாது. கழற்றி ஊதித்தான் எடுத்தார்கள்.

கிள்ளான் பிக்கப்:
இப்போது 5,000 கிலோமீட்டருக்கே ஆயில் மாற்றுகிறேன். கரி முழுசாக எரியட்டும் என்று ஞாயிறு காலை பந்திங் வரை நிறுத்தாமல் ஓட்டம், வீட்டில் கேட்டால் தோசை சாப்பிடப் போனதாகச் சொல்லிக்கொள்கிறேன்.