எம்.எல்.ஏ. சம்பளத்தை எம்.எல்.ஏ.க்களே ஏற்றிக்கொள்வதை நாம் எங்கே போய்க் கேட்பது?

மன்னார்குடி விவசாயி:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. 2017 ஜூலையில் எம்.எல்.ஏ. சம்பளத்தை, படிகளோடு சேர்த்து, 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக ஏற்றுவதாக அறிவித்தார்கள். அந்த வருஷம் ஜனவரியில் வறட்சி மாநிலம் என்று அரசே அறிவித்திருந்தது, ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அக்டோபர் 2-ல்தான் திறந்தது, ஆற்றுத் தண்ணீரை நம்பியவனுக்குக் குறுவையே இல்லை. நம் நெல்லுக்கு விலை வைப்பது நாம் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை அப்படியே கிடக்கிறது. தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்ய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கும்பகோணம் வக்கீல்:
அரசியலமைப்புச் சட்டம்தான் கொடுத்திருக்கிறது அண்ணே. எம்.எல்.ஏ.க்களுக்கு 195-வது பிரிவு, எம்.பி.க்களுக்கு 106. இரண்டிலும் அந்தந்த அவையே சட்டம் போட்டு முடிவு செய்யலாம். எம்.பி. சம்பளத்தை விலைவாசிக் குறியீட்டோடு கட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தானாக ஏறும்படி 2018-ல் மாற்றினார்கள். அப்படித்தான் 2025 மார்ச்சில் ஒரு லட்சம் 1,24,000 ஆனது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. அவையில் யாரும் எழுந்து காரணம் சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது, எனக்கு இதில் சம்மதம் இல்லை. பிரிட்டனில் 2009-ல் எம்.பி.க்கள் செலவுக் கணக்கில் செய்த முறைகேடு வெளியே வந்து பெரிய கொந்தளிப்பான பிறகு, சம்பளம் நிர்ணயிக்கும் வேலையை அவர்கள் கையிலிருந்து எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

திருத்துறைப்பூண்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
தொகையில் எனக்குச் சண்டை இல்லை தம்பி. சம்பளம் குறைவாக இருந்தால் காசுள்ளவன் மட்டும்தான் தேர்தலில் நிற்பான், கூலி வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை நிற்க முடியாது. ஆனால் இன்று கை தூக்கிவிட்டு நாளைக்கு அந்தப் பணத்தைத் தானே வாங்குவது தப்பு. ஏற்றுங்கள், அது அடுத்த தேர்தலில் ஜெயித்து வருபவருக்குப் பொருந்தட்டும். இடையில் ஓட்டுக் கேட்டு வரும்போது எங்கள் வாசலில் நின்று காரணம் சொல்லட்டும். அமெரிக்க அரசியலமைப்பின் 27-வது திருத்தம் இதைத்தான் சொல்கிறது. 1789-ல் முன்மொழிந்தது 1992-ல்தான் சட்டமானது, அவ்வளவு காலம் ஆனாலும் ஆனது. இங்கே 2018 ஜனவரியில் இந்த எம்.எல்.ஏ. சம்பள மசோதா நிறைவேறியது, அதே மாதம் பஸ் கட்டணத்தையும் ஏற்றினார்கள். அதை நான் மறக்கவில்லை.

மயிலாடுதுறை தமிழ்ச்செல்வி:
அண்ணா, எங்கே கேட்பது என்பதுதானே உங்கள் கேள்வி? கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் எதுவானாலும் சரி. ஆசிரியர் ஐயா சொன்னதையே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். சட்டமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியே ஆக வேண்டும் என்று உட்காருங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். அப்புறம் சம்பளத்தைவிடப் பெரிய பணம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி. நம் தொகுதியில் எந்த வாய்க்கால் பாலத்துக்கு, எந்தப் பள்ளிக் கட்டடத்துக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் குடவோலையில் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. கணக்குக் கேட்பது நமக்குப் புதுசு இல்லை.

மன்னார்குடி விவசாயி:
தங்கச்சி, மனுவை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு அனுப்பலாமா, இல்லை கலெக்டர் ஆபீஸுக்கா?

மயிலாடுதுறை தமிழ்ச்செல்வி:
முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்புங்கள் அண்ணா, பதிவுத் தபாலில். வேலை வாரியாகத் தொகையும் முடிந்த தேதியும் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.