காய்ச்சலில் பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தப்போ

மார்த்தாண்டம் பக்கம் எங்க வீடு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ரெண்டு மழைக்கும் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் வந்துரும். என் மகளுக்கு அப்போ ஒன்றரை வயசு. காலையில மூக்கு ஒழுகுச்சு, மத்தியானம் உடம்பு கொதிச்சுது. சாயங்காலம் மாமியார் மடியில கிடந்தவளுக்குத் திடீர்னு கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துது. கூப்பிட்டா கேக்கல, உதடு நீலம் பாஞ்சு போச்சு.

பக்கத்து வீட்டு அம்மை இரும்புச் சாவியோட ஓடி வந்தாங்க. பல்லுக்கு நடுவுல கரண்டி வைக்கச் சொன்னாங்க இன்னொருத்தங்க. நர்ஸ் வேலை பாக்குற என் நாத்தனார்தான், "வாயில ஒண்ணும் வைக்காதீங்க மைனி. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு மணியப் பாருங்க"ன்னா. அப்படிச் சரிச்சதும் கடைவாய் வழியா நுரையும் எச்சிலும் வடிஞ்சு பாய் நனைஞ்சுது. மல்லாக்கக் கிடந்திருந்தா அது அத்தனையும் மூச்சுக்குழலுக்குள்ள இறங்கியிருக்கலாம். கழுத்துப் பட்டனை அவுத்து விட்டோம். ரெண்டு நிமிஷத்துல நின்னுட்டு. அழுதா, அப்படியே தூங்கிட்டா.

முதல் தடவைங்கிறதால உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பாத்தார். கழுத்தை மடக்கிப் பாத்தார். விறைப்பு இருந்தா மூளைக்காய்ச்சலான்னு யோசிக்கணுமாம். 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் 100 பிள்ளைகள்ல 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோட இந்த மாதிரி ஃபிட்ஸ் வரும், மூளையைக் கெடுக்காதுன்னார். மூணுல ஒரு பிள்ளைக்கு மறுபடியும் வரலாம்னும் சொன்னார். அதைக் கேட்டுட்டு ராத்திரி தூக்கம் வருமா?

இதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் எழுதினது:

— அக்கா, நான் தக்கலை, மருந்துக்கடையில வேலை. பாரசிட்டமால் பிள்ளையோட எடைக்குத் தக்கன கொடுக்கணும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். சொட்டு மருந்துல ஒரு மில்லிலிட்டர்ல 100 மில்லிகிராம் இருக்கு. சிரப்புல 5 மில்லிலிட்டர்ல 125 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. பழைய பாட்டில் கணக்கைப் புதுப் பாட்டிலுக்குப் போட்டுறாதீங்க. இந்த மருந்து பிள்ளையோட அசதியைக் குறைக்கும். ஆனா ஃபிட்ஸைத் தடுக்கும்னு நம்பி இருக்க முடியாது.

— குளச்சல்ல இருந்து எழுதுறேன். எங்க பயலுக்கு அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்கல. 108-க்கு அடிச்சு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் போனோம், ஊசி போட்டுத்தான் நின்னுது. அஞ்சு நிமிஷம் தாண்டினாலும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வந்தாலும் காத்திருக்கப்பிடாது. இப்போ ஃபிட்ஸை நிறுத்த மூக்குல அடிக்கிற மிடசோலம்ங்கிற மருந்து ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருக்காங்க. எப்போ அடிக்கணும், எத்தனை அடிக்கணும்னு ஒரு சீட்டுல எழுதிப் பாட்டிலோட சேத்துக் கட்டி வச்சிருக்கோம். அங்கன்வாடி டீச்சர் கையிலயும் அதே மாதிரி ஒரு சீட்டு குடுத்தாச்சு.