டயல் செய்து வங்கிக்குள் போன காலம்: அந்த வேலையில் இருந்தவர்களின் அனுபவங்கள்

சிங்கப்பூர், நிதிப் பிரிவில் வேலை பார்த்தவர்:

1994-இல் விளாடிமிர் லெவின் என்ற ரஷ்யர் சிட்டிபேங்க் வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணத்தை நகர்த்திய கதையை யார் எழுதினாலும் "ரஷ்ய ஹேக்கர் ஒருவர் உலகின் பெரிய வங்கியை உடைத்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கம்பெனிகள் தங்கள் அலுவலகத்திலிருந்தே வங்கிக் கணக்கை இயக்கப் பயன்படுத்திய அதே மாதிரியான ஒரு திரைக்கு முன்னால் தினமும் காலையில் உட்கார்ந்தவன் நான். வங்கிப் பக்கத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வாடிக்கையாளர் பக்கம் எப்படி இருந்தது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். இந்த வேலையில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

எங்களுடையது நடுத்தர அளவு வர்த்தக நிறுவனம். டாலரில் பணம் வரும், டாலரில் போகும். அதற்கென்றே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம். வங்கி கொடுத்த மென்பொருள், சிங்கப்பூரின் பொதுத் தரவுச் சேவையான டெலிபேக்கின் உள்ளூர் எண்ணை டயல் செய்யும். கீச்சென்ற சத்தம் ஓய்ந்து சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து, இணையம் பரவும் முன் கம்ப்யூட்டர்களை இணைத்த எக்ஸ்.25 வலையமைப்பு வழியாக, கடல் தாண்டி வங்கியின் கம்ப்யூட்டர் வரை போகும். திரையில் கேட்பது இரண்டே இரண்டு: பயனர் பெயர், பாஸ்வேர்டு. அது சரியாக இருந்தால் நேற்றைய இருப்பு, வந்த தொகை, போன தொகை எல்லாம் வரிசையாக வரும். பணம் அனுப்புவதும் அதே திரையில்தான்.

விதி என்னவோ கடுமையாகத்தான் இருந்தது. ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். ஆனால் அனுமதிக்க வேண்டிய மேலாளர் மாதத்தில் பாதி நாள் ஜகார்த்தாவிலும் பாங்காக்கிலும் இருப்பார். பணம் போகாமல் கப்பல் நிற்குமா? அவருடைய பாஸ்வேர்டு ஒரு மஞ்சள் உறையில், ஒட்டாமல், அலமாரியில் இருக்கும். மற்ற கம்பெனிகளில் என் வேலையைச் செய்த நண்பர்களைக் கேட்டாலும் இதே கதைதான். அந்த பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வங்கி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தபோது, "கடைசியாக நுழைந்த நேரம்" என்ற வரியில் ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டியது. அலுவலகம் பூட்டிக் கிடந்த நேரம். மேலாளர் ஊரிலேயே இல்லை. உடனே வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னோம். "நேர மண்டல வித்தியாசமாக இருக்கும் சார்" என்றார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த நேரம் பொருந்தவில்லை. ஒரு தாளில் சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் என்று மூன்று கட்டம் போட்டுக் காட்டினேன். எழுத்தில் பதில் வரவே இல்லை. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை என்பதால் விஷயம் அத்தோடு அடங்கிவிட்டது. யார் நுழைந்தார்கள், உண்மையிலேயே நுழைந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதில் சரியில்லை என்பது அன்றே தெரியும்.

1995-இல் லெவின் கைதான செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, எங்கள் அலுவலகத்தில் அதை வெட்டி அந்தக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினார்கள். கொஞ்ச காலத்தில் எங்கள் வங்கியிலிருந்தும் ஆள் வந்தார். கையடக்கமான ஒரு கருவியைக் கொடுத்தார். திரை ஒரு எண்ணைக் காட்டும், அதைக் கருவியில் அழுத்தினால் அது வேறொரு எண்ணைத் தரும், அதைத் தட்டினால்தான் கதவு திறக்கும். மஞ்சள் உறைக்கு வேலை போயிற்று.

சென்னை, தரவுத் தொடர்பு சாதனங்கள் பொருத்தியவர்:

அண்ணா, நல்ல தொடக்கம். நான் கம்பியின் நடுப்பகுதியில் வேலை செய்தவன். மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல்லின் எக்ஸ்.25 சேவை வழியாக அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டரோடு இணைப்பு அமைத்துக் கொடுப்போம். இணையம் மட்டுமே பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு புரியாது. அது புரியாமல் அந்தக் காலத்து ஊடுருவல்களும் புரியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டெலிநெட் என்று ஒரு பொது வலையமைப்பு இருந்தது, பின்னால் அதுதான் ஸ்பிரின்ட்நெட் ஆனது. உள்ளூர் எண்ணுக்கு டயல் செய்தால் திரையில் வலையமைப்பின் பெயரும் ஒரு குறியும் வரும். அவ்வளவுதான். எச்சரிக்கை எதுவும் கிடையாது. அங்கே போக வேண்டிய கம்ப்யூட்டரின் எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்கள் அமெரிக்கத் தொலைபேசிப் பகுதிக் குறியீட்டில் தொடங்கும், நியூயார்க் என்றால் 212. ஆக, 212-க்குப் பிறகு ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தால் நியூயார்க்கில் எந்தெந்த கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது என்று பட்டியலே போட்டுவிடலாம். பதில் சொல்லாதவை கூட ஏன் சொல்லவில்லை என்று காரணத்தைத் திரையில் காட்டும்: அப்படி ஒரு எண்ணே இல்லை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது, அழைப்புக் கட்டணத்தை ஏற்க மறுக்கிறது என்று.

அந்தக் கடைசிக் காரணம் முக்கியமானது. பல நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அழைப்புச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும்படி வைத்திருந்தன. அப்படி வைத்தால், வலையமைப்பில் கணக்கே இல்லாத எவரும் உங்கள் வாசல் வரை வரலாம், செலவும் உங்களுடையது. பணம் வைத்திருப்பவர்கள்தான் தாராளமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆதங்கம்தான்.

1982, 83-இல் மில்வாக்கியைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் இப்படித்தான் போனார்கள். தங்கள் ஊரின் பகுதிக் குறியீட்டையே குழுவின் பெயராக வைத்து 414 என்று அழைத்துக்கொண்டார்கள். வயது 16 முதல் 22 வரை. கையில் வீட்டுக் கம்ப்யூட்டரும் மோடமும். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை, லாஸ் ஏஞ்சல்ஸின் செக்யூரிட்டி பசிபிக் வங்கி உட்படச் சுமார் 60 கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தார்கள். பெரும்பாலும் உதவியது தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரை விற்ற நிறுவனம் நிறுவும்போது போட்டுக் கொடுத்ததை, வாங்கியவர்கள் மாற்றாமலே விட்டிருந்தார்கள். நானே அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பார்த்திருக்கிறேன், புத்தம்புதிய இயந்திரத்தில் பெயர் "சிஸ்டம்", பாஸ்வேர்டு "மேனேஜர்". கையேட்டிலேயே அச்சடித்திருக்கும்.

பிடிபட்டபோது அவர்கள் மேல் போட அமெரிக்க மத்திய அரசிடம் பொருத்தமான சட்டமே இல்லை. இரண்டு பேர் ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? தொலைபேசியில் தொந்தரவு கொடுத்தது! அந்தக் குழுவில் 17 வயதுப் பையன் ஒருவன் 1983 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னான். அதற்கப்புறம்தான் 1984-லும் 1986-லும் கம்ப்யூட்டர் குற்றத்துக்கென்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டங்கள் வந்தன.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நான் வற்புறுத்திப் பொருத்தியது திருப்பி அழைக்கும் மோடம். நீங்கள் அழைத்தால் அது துண்டித்துவிட்டு, பட்டியலில் உள்ள உங்கள் எண்ணுக்குத் தானே அழைக்கும். கூடுதல் செலவு என்று பலர் வேண்டாம் என்பார்கள். கெஞ்சிக் கேட்டுப் பொருத்தியிருக்கிறேன்.

லண்டன், வங்கிப் பணப் பரிமாற்றப் பிரிவில் இருந்தவர்:

இருவர் எழுதியதையும் படித்தேன். எனக்குத் தெரிந்தது பணம் போன பாதை. அதைச் சொல்கிறேன்.

செக்யூரிட்டி பசிபிக் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே வங்கியில் 1978 அக்டோபரில் ஸ்டான்லி ரிஃப்கின் 1 கோடியே 2 லட்சம் டாலரை ஒரு தொலைபேசி அழைப்பில் எடுத்தார். அவர் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துபோன ஆலோசகர். அன்றன்றைய ரகசியக் குறியீட்டைப் பணப் பரிமாற்ற அறைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். மோடம் கூட வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர் அண்ணன் சொன்ன மஞ்சள் உறையைப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

சிட்டிபேங்க் விஷயத்தில், 1994 ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சுமார் 40 பரிமாற்றங்கள். மொத்தம் 1 கோடியே 7 லட்சம் டாலர் அளவுக்கு நகர்த்தப் பார்த்தார்கள். அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, இஸ்ரேல் என்று பல நாட்டுக் கணக்குகளுக்குப் போனது. மீட்க முடியாமல் போனது 4 லட்சம் டாலர் மட்டுமே.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எந்தக் கருவியும் இல்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கில் பணம் குறைந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். அதன்பிறகு வங்கியும் எஃப்பிஐ-யும் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் கண்காணித்தபடி இருந்தார்கள். திரையில் எண்ணை மாற்றுவது எளிது. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பணத்தை வெளியே எடுக்க ஒரு மனிதர் ஒரு வங்கிக் கிளைக்கு, ஒரு அடையாள அட்டையோடு நடந்து வர வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் எடுக்க வந்த பெண் பிடிபட்டார். அவரும் பிறகு அவர் கணவரும் சொன்ன தகவல்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லெவின் வேலை பார்த்த நிறுவனம் வரை கொண்டுபோனது.

1995 மார்ச்சில் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பக் கூடாது என்று இரண்டரை வருடம் இங்கே வழக்கு நடந்தது. அதில் ஒரு கேள்வி என்னை இன்றும் விடுவதில்லை. விசைப்பலகை இருந்தது ரஷ்யாவில், பணக் கணக்கு இருந்த கம்ப்யூட்டர் நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில். குற்றம் நடந்த இடம் எது? தட்டிய இடம்தான் என்றால் அமெரிக்காவுக்கு உரிமை இல்லை. நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், தட்டிய மறுகணமே பார்சிப்பனியில் உள்ள காந்தத் தட்டில் பதிவாகிவிடுகிறது, அதனால் அங்கேயும் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு எங்கள் பிரிவில் வேறு பேச்சே இல்லை. தினமும் நாங்கள் செய்த வேலை எந்த நாட்டில் நடக்கிறது என்று அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை.

1997 செப்டம்பரில் அனுப்பினார்கள். 1998-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட தண்டனை, கூடவே 2,40,015 டாலர் திருப்பிக் கட்ட உத்தரவு.

சிங்கப்பூர், நிதிப் பிரிவில் வேலை பார்த்தவர்:

அருமை அக்கா. தம்பிக்கும் நன்றி, அழைப்புக் கட்டண விஷயம் எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

லெவினுக்குப் பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்பதில் இரண்டு கதைகள் இருக்கின்றன. வங்கியின் தொலைத்தொடர்பு வலையமைப்பில் புகுந்து, வாடிக்கையாளர்கள் தட்டும் கணக்கு எண்களையும் ரகசிய எண்களையும் திரட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 2005-இல் புனைபெயரில் ஒரு ரஷ்யர் எழுதியது வேறு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் சிலர் ஸ்பிரின்ட்நெட்டில் சிட்டிபேங்கின் கம்ப்யூட்டர்களைக் கண்டுபிடித்து நீண்ட நாள் உள்ளே சுற்றித் திரிந்தார்கள், பணத்தைத் தொடவில்லை, அவர்களில் ஒருவர் நுழையும் வழியை 100 டாலருக்கு லெவினிடம் விற்றார் என்கிறது அது.

எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. தம்பி விவரித்தபடி 212-க்குப் பின்னால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் போகிறவர்களுக்கு வேண்டியது பொறுமை மட்டுமே. பணத்தைத் தொடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விட்டுப் போவது ஒரு நுழைந்த நேரத்தை மட்டும்தான். சிட்டிபேங்க் 1995-இல் ஸ்டீவ் காட்ஸை உலகின் முதல் தகவல் பாதுகாப்பு உயர் அதிகாரியாக நியமித்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு நேரத்தைப் பார்த்துவிட்டு வங்கியைக் கூப்பிட்டவர்களுக்கு, பதில் சொல்ல வேண்டிய ஆள் வங்கியில் யார் என்றே தெரியாது. உங்கள் அலுவலகத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால், என்ன பதில் கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள்.