மறு: மரபணுவின் மேல் ஒட்டும் குறிக்கு என்ன பெயர்?

வணக்கம்.

மரபணுவின் மேல் ஒட்டி அதை அடைக்கவோ திறக்கவோ செய்யும் வேதிக் குறிக்கு (ஆங்கிலத்தில் epigenetic modification) 'மேல்மரபியல் மாற்றம்' என்ற பரிந்துரையை நேற்றுப் படித்தேன். முதற்பாதி இருக்கட்டும், 'மாற்றம்' என்பதோடுதான் எனக்கு வழக்கு. நோயாளிகளுக்கான கையேடு ஒன்றில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். படித்த ஓர் அம்மா கேட்டார்: "மரபணுவே மாறிவிட்டதென்றால் என் பிள்ளைகளுக்கும் வருமா?" பிழை அவரிடம் இல்லை, என் சொல்லில்.

இங்கே மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் 'க்'. வடிவம் அப்படியே, அகரம் மட்டும் ஒலிக்காது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அதனால் முதலில் 'மேற்புள்ளி' என்று எழுதிவைத்தேன். ஆனால் டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசெட்டைல் என்ற வேறொரு துணுக்கு ஒட்டினால் மரபணு வாய் திறக்கிறதே! புள்ளிக்கு அடைக்க மட்டும்தான் தெரியும். ஆகவே 'மேற்குறி'. ('மேற்குறிப்பிட்ட' என்பதோடு குழம்பும் என்பீர்கள். நான்கு முறை எழுதினால் தெளிந்துவிடும்.)

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் பொருத்திப் பாருங்கள். டெமோசோலோமைடு மருந்து புற்றுச் செல்லின் டிஎன்ஏவில் மெத்திலை ஒட்டிக் கெடுக்கிறது. எம்ஜிஎம்டி என்ற நொதி அதைப் பிடுங்கிச் சரிசெய்துவிடுகிறது. அந்த நொதிக்கான மரபணுவின் மேலேயே மெத்தில் ஒட்டி அது ஊமையானால், மருந்தின் அடி நிலைக்கிறது. ஒரே பத்தியில் இரண்டு மெத்தில், இரண்டு வேலை! மருந்து ஒட்டுவதைக் 'காயம்' என்றும் மரபணுவை அடைப்பதை 'மேற்குறி' என்றும் பிரித்தால்தான் வாசகர் தப்பிப்பார்.

அடுத்தது, அந்தக் குறி மருத்துவருக்கு எதைச் சொல்கிறது என்பது. 2005இல் வெளியான ஆய்வில், மேற்குறி உள்ளவர்களில் கதிர்வீச்சோடு மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 21.7 மாதம், கதிர்வீச்சில் மட்டும் தொடங்கியவர்களுக்கு 15.3. குறி இல்லாதவர்களில், அதே வரிசையில், 12.7, 11.8. மருந்து யாருக்கு உதவும் என்று காட்டுவதால் இதைப் 'பலன்சுட்டி' எனலாமா? ராசிபலன் வாடை அடிக்கிறது. 'பயன்சுட்டி' போதும். சிகிச்சை எதுவானாலும் நோய் எப்படிப் போகும் என்று காட்டுவது 'போக்குச்சுட்டி'. இரண்டையும் 'முன்கணிப்பு' என்ற ஒரே சாக்கில் போடுவதை நிறுத்த வேண்டும். 15.3க்கும் 11.8க்கும் உள்ள இடைவெளியைக் காட்டி இது போக்குச்சுட்டியும்தான் என்று ஒருவர் வாதிடலாம். நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கதிர்வீச்சில் மட்டும் தொடங்கியவர்களில் பலருக்கும் நோய் முற்றிய பின் அதே மருந்து கொடுக்கப்பட்டது; அந்த இடைவெளியில் மருந்தின் பங்கும் இருக்கலாம்.

மீதம் ஒன்று: மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசைட்டிடின் போன்ற மருந்துகள். 'மேற்குறி அழிப்பான்' என்றால் பள்ளிக்கூட ரப்பர் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.